மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்



ரொறன்ரோவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன கிழமை தொலைபேசியில் கதைத்தார். பாதி நேரம் பெற்றோல் விலையைப் பற்றித்தான் கதை. வேலைக்கு இரண்டு பேர் சேர்ந்து ஒரே காரில் போகிறார்களாம், கடைக்குப் போவதைக் கிழமைக்கு ஒரு தடவையாகக் குறைத்து விட்டார்களாம். "இதுக்கு மேல என்ன செய்யலாம் ரீச்சர்?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் 1992 இல் என் வகுப்பில் இருந்த பிள்ளை. பெற்றோல் என்றால் போத்தலில் அரை விரல் உயரம் என்று பார்த்து வளர்ந்தவர். அவருக்கே அது மறந்து போயிருந்தால், வெளிநாட்டில் பிறந்த அவருடைய பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? ஆகவே இதை எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

எரிபொருள் விலை ஏறும்போது வாகனக்காரர் செய்வதில் பெரிய புதுமை கிடையாது. முதலில் தாங்கியை நிரப்பி வைப்பார்கள். அடுத்து வரிசையில் நிற்பார்கள். அதன் பிறகுதான் ஓட்டத்தைக் குறைப்பார்கள். வாகனத்தை மாற்றுவது கடைசியில்தான். 1973 ஒக்ரோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது ஒரு பீப்பாய் மசகெண்ணெய் சுமார் 3 டொலரில் இருந்து சில மாதங்களில் 12 டொலர் அளவுக்கு ஏறியது. நெதர்லாந்தில் அந்த நவம்பரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக்கூடாது என்று சட்டம் வந்து, பெருந்தெருக்களில் பிள்ளைகள் சைக்கிள் ஓடினார்கள். அமெரிக்காவில் வேக எல்லையை மணிக்கு 55 மைலாகக் குறைத்தார்கள். சில மாநிலங்களில் இலக்கத் தகடு ஒற்றையா இரட்டையா என்று பார்த்துப் பெற்றோல் கொடுத்தார்கள். பெரிய கார்களுக்குப் பழகிய அந்த மக்கள் சிறிய ஜப்பான் கார்களைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

இதற்கு முன்னரும் ஒரு காலம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெற்றோல் படைகளுக்குப் போனபோது ஐரோப்பாவில் கார்களின் பின்னால் விறகு அடுப்பைப் பொருத்தி, அதில் வரும் வாயுவில் ஓடினார்கள். தமிழ்நாட்டிலும் கரிவாயுவில் பஸ் ஓடியது. வழியில் நிறுத்தி, கரி போட்டு, ஊதி எரிய விட்டுத்தான் ஏறிப் போக வேண்டும்.

எங்கள் யாழ்ப்பாணக் கதை இந்த இரண்டாவது வகையோடு சேர்ந்தது. வாகனத்தையும் விடவில்லை, ஓட்டத்தையும் முழுக்க விடவில்லை. எரிபொருளை மாற்றினோம்.

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியது. குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மின்சாரம் நின்றது. அரசாங்கம் வடக்குக்குப் போகக் கூடாது என்று தடை செய்த பொருட்களில் பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் இருந்தன. மண்ணெண்ணெய் முழுதாக நிற்கவில்லை. கப்பலில் கொஞ்சம் வரும். சங்கக்கடையில் குடும்ப அட்டைக்கு அளந்து கொடுப்பார்கள். அளந்து கொடுத்ததற்கு மேல் வேண்டுமென்றால் வெளியில் வாங்க வேண்டும். வெளி விலை தெற்கில் விற்ற விலையின் பல மடங்கு. பெற்றோலோ தங்கம் மாதிரி. ஆனையிறவுப் பாதை மூடியபின் கொம்படி, ஊரியான், பிறகு கிளாலி என்று வந்த வழிகளால் சாமான் வந்தது. ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறியது. தெருவோரத்தில் சின்னப் போத்தல்களில் வைத்து விற்பார்கள். லீற்றர் என்ற சொல்லே எங்கள் வாயிலிருந்து போய்விட்டது. போத்தல், கால் போத்தல், அதற்கும் கீழே என்றால் மருந்துப் போத்தல் என்பதுதான் கணக்கு.

அந்த மருந்துப் போத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் பற்றாது. ஆனால் இயந்திரம் சூடேறி விட்டால் மண்ணெண்ணெயிலும் ஓடும். ஆகவே மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் மூக்குள்ள சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் பெற்றோலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். காபரேற்றருக்குள் ஒரு பீச்சு. பிறகு உதை. பிடித்தால் அதிர்ஷ்டம், பிடிக்காவிட்டால் இன்னொரு பீச்சு. பிடித்ததும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்து விடுவார்கள். வெள்ளைப் புகையும் அந்த மணமும் ஒழுங்கை முழுக்க நிற்கும். ஆள் போய்க் கால் மணித்தியாலத்துக்குப் பிறகும் இந்த வழியால் யாரோ மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறார்கள் என்று மணத்தை வைத்தே சொல்லலாம்.

இது எங்கள் பொடியள் கண்டுபிடித்த வித்தை என்று பலர் பெருமையாக எழுதுகிறார்கள். பெருமைப்படலாம், ஆனால் முதல் கண்டுபிடிப்பு எங்களுடையதல்ல. பிரித்தானிய வயல்களில் ஓடிய சாம்பல் நிறப் பேர்கசன் ட்ராக்டர்களில் ஒரு வகைக்கு இதுதான் முறை. பெற்றோலில் தொடங்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு நெருக்கமான மலிவான எண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கள் கராச்காரர் அந்த ஏற்பாடு எதுவும் இல்லாத இயந்திரத்தில், கையில் கிடைத்த குழாயையும் போத்தலையும் வைத்துக்கொண்டு அதையே செய்தார்கள். பெருமைக்குரியது அதுதான்.

எந்தக் கார் ஓடியது, எந்தக் கார் நின்றது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1980களில் யாழ்ப்பாணத்தில் வசதியானவர்கள் ஜப்பான் கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் பஸ் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அருகே வாடகைக்கு நின்றன. சில, கோழி அடையும் கொட்டிலாகக் கூடக் கிடந்தன. 1990க்குப் பிறகு நிலைமை தலைகீழ். இயந்திரத்தில் எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையை எவ்வளவு நெருக்கிய பின் பொறி கொடுக்கிறார்கள் என்பது காருக்குக் கார் வித்தியாசம். புதிய கார்களில் கூட நெருக்குவார்கள். அதற்கு நல்ல பெற்றோல் வேண்டும். மண்ணெண்ணெயை அப்படி நெருக்கினால் நேரத்துக்கு முன்னரே தானாக வெடித்து, உள்ளே சுத்தியலால் அடிக்கிற மாதிரிச் சத்தம் கேட்கும். 1950களில் வந்த ஒஸ்ரின் ஏ 40 சோமசெற் போன்றவற்றில் நெருக்கம் குறைவு. போருக்குப் பிந்திய காலத்துத் தரம் குறைந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்ட இயந்திரங்கள் அவை. பெரிய முறைப்பாடு இல்லாமல் மண்ணெண்ணெயைக் குடித்தன. ஆக, மகன் சவூதியிலிருந்து உழைத்து அனுப்பிய காசில் வாங்கிய ஜப்பான் கார் கிடுகால் மூடிப் பின் வளவில் நின்றது. பேரனார் ஓடிய சோமசெற் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது. நாற்பது வயதுக் காருக்கு அப்படி ஒரு மரியாதை வேறு எந்த ஊரில் கிடைத்திருக்கும்?

கல்யாணம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. என் சித்தப்பாவின் மகளின் கல்யாணத்துக்கு அப்படி ஒரு கார் பிடித்தோம். சாரதியோடு பேசும்போது வாடகை தனி, ஸ்ராட் பண்ணப் பெற்றோல் தனி. ஸ்ராட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. இயந்திரம் சூடு ஆறுவதற்குள் திரும்ப எடுத்தால் பெற்றோல் தேவையில்லை. அதனால் அந்த மனிசன் கோயில் வாசலில் இறங்கவே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இயந்திரத்தை உறும விட்டுக்கொண்டு இருந்தார். தாலி கட்டும்போது மேளத்தை விட அந்தச் சத்தம்தான் எனக்குக் கேட்டது. தள்ளி ஸ்ராட் பண்ணலாமே என்பீர்கள். மலையும் இறக்கமும் உள்ள ஊரில் அது சுலபம். யாழ்ப்பாணத்தில் இறக்கம் ஏது? நாலு ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டித்தான் தள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் இயந்திரம் விலை கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே வழிந்து இயந்திர எண்ணெயோடு கலந்து அதைத் தண்ணீராக்கும். பிளக்கில் கரி படியும். டீசல் லொறிகளுக்கும் மினிபஸ்களுக்கும் இன்னொரு கஷ்டம். டீசலுக்கு இருக்கும் வழுவழுப்பு மண்ணெண்ணெய்க்கு இல்லை. பம்ப் தேய்ந்து போகும். வழுவழுப்புக்கு என்று எங்கள் ஒழுங்கையில் ஒருவர் தேங்காயெண்ணெய் கலந்து ஓடினார். அவருடைய வாகனம் போனால் பலகாரம் சுடுகிற மணம் வரும்.

சைக்கிளைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது. நெல் மூட்டை, விறகு, வெங்காயம், நோயாளி, எல்லாம் சைக்கிளில்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டதை உங்களில் பலர் செய்திருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறு. அதற்கு முன் எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்கள் சைக்கிள் ஓடுவது குறைவு. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த காலத்தில் பஸ்ஸில்தான் பாடசாலைக்குப் போனேன். பஸ் நின்றபின் சேலையோடு ஒரு வழிக்கு நாலு மைல் சைக்கிள் ஓடினேன். முதல் மாதம் படலைக்குள் நின்று பார்த்தார்கள். மூன்றாம் மாதம் பார்த்தவர்களே ஓடத் தொடங்கினார்கள். பெற்றோல் இல்லாமல் போனதால் பெண்களுக்குக் கிடைத்த ஒன்று அது.

இப்போது நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். மண்ணெண்ணெய் என்பது சும்மா கிடந்த பொருள் அல்ல. மின்சாரம் இல்லாத ஊரில் விளக்கு அதில்தான் எரிந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் அதில்தான் ஓடியது. மீன்பிடி வள்ளத்தின் இயந்திரமும் அதில்தான். இவ்வளவு வாய்களும் ஏற்கெனவே காத்துக்கொண்டு நின்ற இடத்தில் காரும் மோட்டார் சைக்கிளும் வந்து சேர்ந்தன. வாகனக்காரர் காசு கூடக் கொடுக்கக் கூடியவர். அவர் கொடுத்த விலைதான் எல்லோருக்கும் விலை. தோட்டக்காரர் பம்பை மூடி வைத்துவிட்டுத் துலாவுக்குத் திரும்பினார்கள். பல வருடங்களாக ஆள் ஏறாத துலாவில் இளம் பிள்ளைகள் ஏறி மிதித்தார்கள். விளக்குக்கு அப்படித் திரும்பிப் போக ஒரு இடமும் இல்லை. அது சின்னதாகத்தான் முடிந்தது.

ஜாம் போத்தல் விளக்கு ஞாபகம் இருக்கிறதா? போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் விட்ட ஒரு நூல் திரி. போத்தலே காற்றுக்கு மறைப்பு. சுடர் ஒரு பயறளவு. அதைச் சுற்றி மூன்று நாலு பிள்ளைகள் படிப்பார்கள். காலையில் முதல் பாடத்துக்கு வரும்போது சிலருடைய மூக்குத் துவாரம் கறுத்திருக்கும். அந்த விளக்கில் படித்துச் சோதனை எடுத்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இதை வாசிக்கிறவர்களிலேயே இருக்கிறீர்கள்.

1993 இல் ஒரு நாள், பத்தாம் ஆண்டில் ஒரு பிள்ளை மூன்றாம் தடவையாக வீட்டு வேலை செய்யாமல் வந்தாள். கெட்டிக்காரி. எழுப்பி நிறுத்திக் கேட்டேன். "விளக்குக்கு எண்ணெய் இல்லை ரீச்சர். ஐயா மோட்டார் சைக்கிளுக்கு விட்டிட்டார்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அந்த ஐயாவை எனக்குத் தெரியும். ஆடம்பரத்துக்கு ஓடியவர் அல்ல. கிளாலிக்குப் போகும் ஆட்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டு, அந்தக் காசில் அரிசி வாங்கினவர். அந்த வீட்டில் மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளுக்குள் போனால் சோறு, விளக்குக்குள் போனால் படிப்பு. யாரைக் குற்றம் சொல்வது? அன்றிலிருந்து அந்த வகுப்புக்கு எழுத்து வேலையை மத்தியானத்துக்குப் பிறகு பாடசாலையிலேயே முடிக்க வைத்தேன். வீட்டுக்குப் போய் மனப்பாடம் மட்டும். இருட்டிலும் செய்யலாம்.

மண்ணெண்ணெய்க் கார் பற்றி நாங்கள் சொல்கிற கதைகளில் இந்தப் பக்கம் வருவதில்லை. கேட்க நல்ல கதைதான், நானும் மேலே ரசித்துத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் காரின் புகையில் போனது யாரோ ஒருவருடைய விளக்கு எண்ணெய் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது சரித்திரம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறினோம். அன்று தெருவில் கார் இருந்தும் பயனில்லை. சனத்துக்குள் கார் நகராது. சைக்கிளையும் தள்ளிக்கொண்டுதான் நடந்தோம். நாவற்குழிப் பாலத்தருகே மழையில் கைவிடப்பட்டு ஒரு பழைய ஒஸ்ரின் நின்றதைக் கண்டேன். அடுத்த வருடம் ஊர் திரும்பியபின் மெல்ல மெல்லப் பெற்றோல் வந்தது. 2002 ஏப்ரலில் ஏ 9 பாதை திறந்ததும் மோட்டார் சைக்கிள்கள் வெள்ளமாக வந்தன. அதுவரை காப்பாற்றிய பழைய கார்களை இரும்பு விலைக்கு விற்றவர்களும் உண்டு.

இருபது வருடத்துக்குப் பிறகு இன்னொரு தடவை. இந்தத் தடவை முழு இலங்கைக்கும். நாட்டின் டொலர் கையிருப்புத் தீர்ந்து எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்கக் காசில்லை. ஒக்ரேன் 92 பெற்றோல் லீற்றர் 2022 தொடக்கத்தில் 177 ரூபா. மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதத்தில் 420, ஜூன் கடைசியில் 470. விலை ஏறியது ஒரு பக்கம், அந்த விலைக்கும் கிடையாது என்பது மறு பக்கம். இரவு பகலாக வரிசை. வரிசையில் நின்றே முதியவர்கள் இறந்தார்கள். ஏப்ரல் 19 அன்று றம்புக்கனையில் விலையேற்றத்தை எதிர்த்துத் தெருவை மறித்தவர்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். பிறகு ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. வெளியில் கள்ள விலை எவ்வளவு இருந்தாலும் அட்டைக்கு அளவு அளவுதான். அதற்குப் பிறகுதான் வரிசை கரைந்தது. 1990களின் சங்கக்கடை அட்டையைக் கண்ட எங்களுக்கு அது புதிதல்ல. கொழும்பு உறவினர்தான் ஆச்சரியப்பட்டார்கள். அலுவலகத்துக்கு சைக்கிளில் போகும் படத்தை எனக்கு அனுப்பி, "பெரியம்மா, நாங்களும் யாழ்ப்பாணத்தார் ஆகிட்டம்" என்று எழுதினாள் ஒரு பெறாமகள்.

எல்லோரும் பெற்றோலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மண்ணெண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீசல் 400 ரூபாவைத் தாண்டியபோதும் மண்ணெண்ணெய் 87 ரூபாவில் நின்றது. ஏழைகளுக்கும் மீனவருக்கும் என்று வைத்த விலை. விலைக்குத்தான் இருந்தது, வாங்கப் போனால் இல்லை. அவ்வளவு இடைவெளி இருந்தால் அது லொறிக்குள்ளும் பஸ்ஸுக்குள்ளும் போகும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓகஸ்ற் மாதம் ஒரே நாளில் 87 ரூபாவை 340 ரூபா ஆக்கினார்கள். லொறிக்குள் போவதைத் தடுக்க அது ஒரு வழிதான். ஆனால் அந்த விலையை வள்ளக்காரரும், மின்சாரம் இன்னும் எட்டாத வீடுகளும், தோட்டக்காரரும் சேர்ந்து கொடுத்தார்கள். அரசாங்கம் முதலிலேயே மண்ணெண்ணெயையும் அட்டையில் அளந்து கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். பொருளியல் படித்த பிள்ளைகள் வேறு விதமாகச் சொல்வீர்கள். சொல்லுங்கள், கேட்கிறேன்.

கியூஆர் முறை 2023 செப்ரெம்பர் 1 ஆம் திகதி நின்றது. என் மருமகன் அந்த அட்டையை இன்னும் பேர்சுக்குள் வைத்திருக்கிறார், தேவைப்படும் என்கிறார்.

ஒரு வேண்டுகோள். பாடசாலையில் ஒரு சின்னக் காட்சி அறை வைக்க எங்கள் பழைய மாணவர் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஜாம் போத்தல் விளக்கு இரண்டு கிடைத்து விட்டது. பெற்றோல் பீச்சும் சின்னப் போத்தல் ஒன்றும் கிடைக்கவில்லை. யாருடைய வீட்டிலாவது, அப்பாவின் பழைய பெட்டிக்குள் அப்படி ஒன்று கிடந்தால் எறிந்து விடாமல் எனக்கு எழுதுங்கள். அந்தக் காலத்துக் கார் ஒன்றின் படம் இருந்தாலும் அனுப்புங்கள், யார் யார் அதில் இருக்கிறார்கள் என்று பெயரோடு.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்